தூண்டில்காரர் கேள்வி–பதில்: தராசு இல்லாமல் மீன் எடை

கேள்வி: கட்லா, ரோகு பிடித்தால் அளந்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறோம். தராசில் தொங்கவிடாமல் எடையைக் கணிக்க முடியுமா?
– வாசகர், மேட்டூர்

பதில்: தையல்காரர் டேப் ஒன்று போதும். நீளத்தைச் சுற்றளவால் இரண்டு முறை பெருக்கி, 28,900ஆல் வகுங்கள். செ.மீ.யில் அளந்தால் விடை கிலோவில் வரும். அங்குலம், பவுண்டில் கணக்குப் போடும் பழைய ஆட்கள் 800ஆல் வகுப்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

60 செ.மீ. நீளம், 42 செ.மீ. சுற்றளவு என்றால் 60×42×42 = 1,05,840. வகுத்தால் ஏறக்குறைய 3.66 கிலோ. நீளத்தில் 2 செ.மீ. கூடிவிட்டால் தவறு 120 கிராம்தான். சுற்றளவில் அதே 2 செ.மீ. கூடினால் 360 கிராம் ஏறிவிடும்! அதனால் கவனமெல்லாம் சுற்றளவில் இருக்கட்டும். முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், உடல் மிகப் பருத்த இடத்தில், டேப் சதையில் அழுந்தாமல் சுற்றுங்கள். நீளத்தை வாய் மூடிய நிலையில், மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நேர்கோட்டில் எடுக்க வேண்டும். வயிற்றின் வளைவோடு டேப்பை ஓட்டினால் மீன் காகிதத்தில் மட்டும் வளரும். ஈரக் கையோடு, மீனை வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து அளப்பது நல்லது.

28,900 எல்லா மீனுக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. மீன் கடையில் குடல் எடுக்காத முழு மீன் நாலைந்தை அளந்து, நிறுத்து, நீளம்×சுற்றளவு×சுற்றளவை எடையால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் சராசரிதான் அந்த வகைக்கு உங்கள் எண். விரால் போன்ற உருளை மீனுக்குக் கட்லாவின் எண்ணைப் போடாதீர்கள். சினை மீனையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: 40 செ.மீ. ரோகு 50 செ.மீ. ஆனால் எடையும் கால் பங்குதானே கூடும்?
– வாசகர், பவானிசாகர்

பதில்: இல்லை, ஏறத்தாழ இரட்டிப்பாகும். நீளத்தோடு அகலமும் கனமும் வளர்கின்றன, 1.25ஐ மூன்று முறை பெருக்கினால் 1.95. முன்பு 800 கிராம் என்றால் இப்போது 1,560 கிராம். அதைவிடக் குறைவாக இருந்தால் மீன் மெலிந்திருக்கிறது; இரை போதவில்லையா என்று பாருங்கள்.

கேள்வி: செதில் வளையத்தை எண்ணி வயது சொல்லலாமா?
– வாசகர், வைகை அணை

பதில்: குளிர்நாட்டு டிரவுட்டில் ஓரளவு நம்பலாம். நம் வெதுவெதுப்பான நீரில் முட்டையிடும் காலமும் கோடை வறட்சியும்கூட வளையம் போட்டுவிடும். ஆண்டுக்கு ஒன்று என்று எண்ணினால் வயது கூடிப்போகும். நடுப்பகுதி கோடின்றி வெறுமையாக இருந்தால் அது உதிர்ந்து மறுபடி முளைத்த செதில், வேறொன்றை எடுங்கள்.