சேற்றில் கெடாத மரம் வெயிலில் ஏன் சுருங்கியது?

கேள்வி: ஐயா, கால்வாய் ஓரத்தில் எங்கள் வீட்டுக்கு வானம் தோண்டும்போது, கருஞ்சேற்றில் பழைய வள்ளத்துப் பலகை போல ஒன்று கிடைத்தது. உளித்தடம்கூடத் தெரிந்தது. முற்றத்தில் காயவைத்தேன். ஒரே வாரத்தில் வெடித்து, முறுக்கி, பாதியாகச் சுருங்கிவிட்டது. இத்தனை காலம் சேற்றில் கெடாத மரம் வெயிலில் ஏன் கெட்டது? இன்னொரு துண்டு மண்ணுக்குள் இருக்கிறது.
— வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: தம்பி, அது சேற்றிலேயே கெட்டுத்தான் கிடந்தது. தண்ணீர்தான் அதன் உருவத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது.

என் அம்மை கதம்பல் (தேங்காய் மட்டை) அடித்து நாரெடுத்துத்தான் எங்களை வளர்த்தாள். மாதக்கணக்கில் காயலில் ஊறிய கதம்பலை எடுத்தால் வெளியே பார்க்கப் போட்ட உருவம் அப்படியே இருக்கும். பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். நாரையும் அதன் இடையிலுள்ள சோற்றையும் ஒட்டும் பசையைப் பாக்டீரியா தின்றுவிட்டு, லிக்னின் என்ற உறுதி தரும் பொருள் நிறைந்த நாரை விட்டுவைத்திருக்கும்.

மரத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். காளானுக்கும் கப்பல்புழுவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். சேற்றுக்குள் அவை பிழைக்காது. ஆனால் ஆக்ஸிஜன் ஏறக்குறைய இல்லாத இடத்திலும் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை மரத்தின் செல்லுக்குள் நுழைந்து, சுவரில் இருக்கும் செல்லுலோஸை உள்ளிருந்தே அரித்துத் தின்னும். செல்லையும் செல்லையும் ஒட்டும் லிக்னின் அடுக்கு மட்டும் தேனடை போல மிஞ்சும். தின்ற இடத்தில் தண்ணீர் நிறைந்துவிடுவதால் உளித்தடம்கூட அழியாது. வெயிலில் வைத்தீர்கள், தண்ணீர் வெளியேறும்போது மெலிந்த சுவர்களையும் இழுத்து மடக்கிவிட்டது. இனி ஊறவைத்தாலும் நிமிராது.

ஸ்வீடனில் 1628-இல் மூழ்கிய வாசா கப்பலை 1961-இல் தூக்கினார்கள். காயவிடாமல், தண்ணீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, நீரில் கரையும் மெழுகு போன்ற பொருள் ஏறும்படி 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அப்படியும் தொல்லை தீரவில்லை. கதம்பல் குழியில் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாசாவின் மரத்திலும் கந்தகமாகத் தங்கியிருந்தது. காற்றுப் பட்டதும், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பும் சேர, அது கந்தக அமிலமாக மாறியது.

அதனால் அந்த இன்னொரு துண்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். மண்ணை மூடிவிட்டுத் தாசில்தார் அலுவலகத்தில் சொல்லுங்கள். ஏற்கெனவே வெளியே தெரிந்தால் நனைந்த சாக்கும் பிளாஸ்டிக் தாளும் சுற்றி நிழலாக வையுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம், உளித்தடம் விரல் பட்டாலே போய்விடும். கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 அகழாய்வில் ஈரமண்ணிலிருந்து வந்த தோணி நம்மூர் அயனி மரத்தில் செய்தது. உங்களுடையது என்ன மரமோ, எந்தக் காலமோ! சுருங்கிய பலகையையும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள், ரேடியோ கார்பன் முறையில் வயது பார்க்க அது இன்னும் உதவும்.