பாக்டீரியாவில் இருக்கும் ஆக்டின் வகை இழைகள் நம் செல்லில் உள்ள ஆக்டின் இழையைப் போலவே இருக்குமா?

ஆக்டின் என்பது செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் இழைகளைக் கட்டும் புரதம். தனிப் புரதத்தை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஆம். இழையாகக் கோத்தபின், இல்லை.

2001-ல் கேம்பிரிட்ஜின் எம்ஆர்சி மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வான் டென் என்ட், ஏமோஸ், லோவே ஆகியோர் தெர்மோடோகா மாரிடிமா பாக்டீரியாவில் உள்ள எம்ஆர்இ-பி (MreB) என்ற ஆக்டின் வகைப் புரதத்தின் படிக அமைப்பை வெளியிட்டார்கள். அமினோ அமில வரிசையில் ஆக்டினோடு ஒற்றுமை 15 சதவீதம் அளவுதான். புரதச் சங்கிலி மடிந்திருக்கும் வடிவமோ அப்படியே ஆக்டின். நான்கு துணைப்பகுதிகள், இரு பாதிகளுக்கு நடுவே ஒரு பிளவு, அதன் ஆழத்தில் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி. படிகத்துக்குள்ளேயே மூலக்கூறுகள் சரமாகக் கோத்துக்கொண்டு நின்றன. ஓர் அலகிலிருந்து அடுத்ததற்கு 5.1 நானோமீட்டர். ஆக்டினில் இது 5.5.

இரண்டு சரங்கள் சேரும் விதத்தில்தான் எல்லாம் மாறுகிறது. ஆக்டினில் இரண்டும் ஒரே திசை நோக்கி, வலம்புரியாக முறுக்கிக்கொள்ளும். ஆர்1 பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தைப் பிரியும் பாக்டீரியா செல்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பார்-எம் (ParM) புரத இழையிலும் ஒரே திசைதான், ஆனால் இடம்புரி. எம்ஆர்இ-பி இவற்றோடு சேராது: சரங்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும், முறுக்கே கிடையாது, நாடா போலத் தட்டை.

ஏன் தட்டை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தப் புரதம் செல்சவ்வில் நேரடியாக ஒட்டுகிறது. ஈ. கோலை பாக்டீரியாவில், அதன் அமினோ அமிலச் சங்கிலி தொடங்கும் முன்முனையில் உள்ள ஒரு சிறு சுருள் அந்த வேலையைச் செய்கிறது. முறுக்கிய இழையாக இருந்தால் ஒட்டும் முகம் சுற்றிச் சுற்றிப் போய்விடும்; அங்கங்கே மட்டுமே சவ்வைத் தொடும். தட்டை நாடாவில் இரு சரங்களின் ஒட்டும் முகமும் முழு நீளத்துக்கும் ஒரே பக்கம். சரங்கள் எதிரெதிராக ஓடுவதால் இழையின் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆக்டினில் மயோசின் என்ற இயக்கப் புரதம் ஒரு திசை பார்த்து நடப்பதைப் போன்ற ஏற்பாட்டுக்கு இங்கே இடமில்லை. எம்ஆர்இ-பி துண்டுகள் செல்லின் சுற்றளவு வழியே நகர்வதும் செல்சுவர் கட்டப்படும் வேகத்தால்தான். சுவர்க் கட்டுமானத்தை மருந்தால் நிறுத்தினால் நகர்வும் நின்றுவிடும்.

பழைய பாடப்புத்தகப் படங்களில் ஈ. கோலை நெடுக ஸ்பிரிங் போல ஓர் எம்ஆர்இ-பி இழை ஓடும். அதை நம்பாதீர்கள். ஒளிரும் புரதமான ஒய்எஃப்பியை எம்ஆர்இ-பியின் முன்முனையில், அதாவது சவ்வில் ஒட்டும் சுருளை ஒட்டியே, இணைத்ததால் வந்த கோளாறு அது என்று 2012-ல் ஸ்வூலியஸும் ஜென்சனும் காட்டினார்கள். ஒளிரும் புரதத்தை நடுவிலுள்ள ஒரு வளைவில் செருகினால் ஸ்பிரிங் தோன்றுவதில்லை. நீங்களே எம்ஆர்இ-பிக்கு ஒளிரும் புரத இணைப்பு வடிவமைப்பதாக இருந்தால் முன்முனையைத் தொடாதீர்கள்.