பினாங்குத் துறைமுகத்தைக் காட்டும் பழைய மை ஓவியத்தின் காலத்தை எப்படிக் கணிப்பது?

உங்களிடம் உள்ள ஓவியத்தில் வரைந்தவரின் கையெழுத்தோ ஆண்டோ இல்லை என்கிறீர்கள். கவலை வேண்டாம், ஊரே சாட்சி சொல்லும். முதலில் கார்ன்வாலிஸ் கோட்டை முனையைப் பாருங்கள். அங்கே இரும்புச் சட்டங்களால் ஆன கலங்கரை விளக்கம் நின்றால், படம் 1882க்கு முந்தியதாக இருக்க முடியாது. அருகே மணிக்கூண்டும் தெரிந்தால் இன்னும் பிந்தியது. விக்டோரியா அரசியின் வைரவிழா நினைவாக 1897இல் தொடங்கிய வேலை அது.

அடுத்து கரையோரம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த தடயம். இன்று லெபோ பந்தாய் என்ற கடற்கரைத் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே வெல்ட் கீ என்ற துறைமுகச் சாலை இருக்கிறது. 1880களில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் அது. அதற்கு முன் லெபோ பந்தாய்க் கடைகளின் பின்புறத்தையே அலை தொட்டது. கிடங்குகளின் பின்வாசலில் படகு கட்டியிருந்தால், பழைய கரைதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அச்சுப்படங்களைப் பார்த்து வரைவது அக்காலத்தில் சகஜம். ஆங்கிலேயப் படை அதிகாரியும் ஓவியருமான கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் பினாங்குக் காட்சிகள் 1821இலேயே அச்சாகிவிட்டன. எனவே காட்சியின் வயது வேறு, தாளின் வயது வேறு.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாட்மேன் போன்ற ஆங்கிலேயக் காகித ஆலைகள், தாளுக்குள் தெரியும் நீர்க்குறியில் ஆண்டையும் பதித்தன. படம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்காது. கோடுகள் பழுப்பேறி, அவற்றின் ஓரங்களில் தாள் அரித்திருந்தால், அது இரும்பு உப்பு கலந்த பழைய வகை மையாக இருக்கலாம். அதைத் துடைக்க மட்டும் முயலாதீர்கள், ஈரம் பட்டால் அரிப்பு அதிகமாகும்.