திருவிழா வெடியும் அப்பாவின் தூக்கமும்

கேள்வி: அப்பா 1988-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு, யாழ்ப்பாணம் போனவர். தூங்கும்போது அவரைத் தொட்டு எழுப்ப மாட்டோம், வாசலில் நின்றுதான் கூப்பிடுவோம். திருவிழாவில் வெடி போட ஆரம்பித்தால் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார். ரம் இல்லாமல் தூக்கமில்லை. என் மகன் தாத்தா பக்கத்தில் போகவே பயப்படுகிறான். கதவு அடித்துச் சாத்தினால் எனக்கே நெஞ்சு படபடக்கிறது. இத்தனை வருஷம் கழித்து இதற்கு மருந்து உண்டா?
- வாசகி, தக்கலை

பதில்: உண்டு. மாத்திரையும் உண்டு, பேசிக் குணமாக்கும் சிகிச்சையும் உண்டு. முப்பது வருஷம் தாண்டினாலும் பலன் கிடைக்கும்.

‘வாசலில் நின்றுதான் கூப்பிடுவோம்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். யாரும் சொல்லித்தராமல் ஒரு வீடே பழகிக்கொண்டது அது. நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதெல்லாம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் போலத்தான் இருக்கிறது. சண்டை முடிந்தும் உடம்பு இன்னும் சென்ட்ரி, அதாவது காவல், நிற்கிறது. மருத்துவப் புத்தகத்தில் இந்தப் பெயர் ஏறியதே 1980-ல்தான். அப்பா ஊர் திரும்பியபோது பென்ஷன் வருகிறதா என்றுதான் கேட்டிருப்போம், தூக்கம் வருகிறதா என்று யார் கேட்டது?

அமைதிப்படை அங்கே இருந்த 1987-90 காலத்தில் சுமார் 1,200 வீரர்கள் இறந்தார்கள். அந்தப் படையில் இருந்த தமிழ்ச் சிப்பாய்க்குக் கூடுதலாக ஒரு பாரம்: எதிரில் அழுகிறவர்கள் சொல்வது புரியும். அதனால் அங்கே என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், போதும்.

ரம் தூக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னிரவில் பிடுங்கிக்கொள்ளும். ஆனாலும் ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். தினமும் குடிக்கிறவருக்கு வலிப்பே வரலாம். டாக்டர் சொல்கிறபடி குறைக்கட்டும்.

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு இருந்தால் பாலிகிளினிக்கில் மனநல டாக்டருக்கு ரெஃபரல் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். ‘மனநலம்’ என்றால் வர மாட்டாரா? தூக்கத்துக்கு என்று சொல்லிக் கூட்டிப்போங்கள், அது பொய்யில்லையே. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போங்கள்.

உங்கள் படபடப்பும் அந்த வீட்டில் வளர்ந்ததால் வந்ததாக இருக்கலாம். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. மகனிடம், “தாத்தாவுக்குத் திடீர் சத்தம் ஆகாது, உன்மேல் கோபம் இல்லை” என்று சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த திருவிழாவில் வெடி எத்தனை மணிக்கு என்று கமிட்டிக்காரர்களிடம் கேட்டு, அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்போதும் தோட்டத்துக்குப் போனால் போகட்டும். கொஞ்ச நேரம் கழித்து நீங்களும் மகனும் ஒரு பிளாஸ்க் கட்டன்சாயாவோடு போங்கள், தூரத்திலிருந்தே “தாத்தா” என்று கூப்பிட்டுக்கொண்டு.