புத்துயிர்ப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலை வாசித்து முடித்தேன். சிறைக்குள் நடக்கும் பூசையை அவர் எழுதியிருக்கும் விதம் கிறிஸ்தவனான என்னைப் புண்படுத்திவிட்டது. ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கியது நியாயம்தானோ என்றுகூடத் தோன்றியது. இது நாவலா, பிரசாரமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் வருத்தம் புரிகிறது. அந்த அத்தியாயங்கள் நம்பிக்கையுள்ள எவரையும் உறுத்தும். 1899இல் 'நீவா' இதழில் நாவல் வந்தபோது தணிக்கையில் அவை வெட்டுப்பட்டன. 1901இல் ரஷ்யத் திருச்சபையின் தலைமை மன்றமான புனித சினாட் அவரை விலக்கிவைத்ததற்கு இந்நாவலும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்த இடத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கால்விலங்குகள் ஒலிக்கக் கைதிகள் மண்டியிடுகிறார்கள். அவர்களை அடைத்துவைத்திருப்பவர்களும் அங்கேயே நின்று சிலுவையிட்டுக்கொள்கிறார்கள். டால்ஸ்டாய்க்குப் பொறுக்காதது அதுதான். நாவலின் கடைசியில் கதாநாயகன் நெஹ்லூதவ் கையில் இருப்பதும் மத்தேயு சுவிசேஷம்தானே!

பிரசாரம் உண்டு, மறுக்கவில்லை. பிற்பகுதியில் சில பக்கங்கள் எனக்கும் அலுப்பூட்டின. அதற்காக அந்த நீதிமன்றக் காட்சியை விட்டுவிட முடியுமா? தலைமை நீதிபதிக்கு ஆறு மணிக்குள் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகவேண்டும். இன்னொரு நீதிபதிக்கு வயிற்றுக் கோளாறு. புது மருந்து பலிக்குமா என்று அறிய, நாற்காலி வரைக்குமான காலடிகளை எண்ணி, மூன்றால் வகுபடுகிறதா என்று பார்க்கிறார். கொலைக்குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் மாஸ்லவா என்ற பெண்ணுக்குக் கொல்லும் நோக்கம் இல்லை என்றே ஜூரிகள் நம்புகிறார்கள், ஆனால் அதைத் தீர்ப்பில் எழுத மறந்துவிடுகிறார்கள். தவறு என்று தலைமை நீதிபதிக்கே தெரிகிறது. சக நீதிபதி ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை, நேரமும் ஆகிவிட்டது. சரி, நான்கு வருடம் சைபீரியாவில் கடுங்காவல்!

இதில் யாரும் கொடியவர் இல்லை. அப்புறம் ஜூலை வெயிலில் ரயில் நிலையத்துக்கு நடத்திச் செல்லப்படும் கைதிகள் சுருண்டு விழுந்து சாகிறார்களே, அங்கும் அப்படித்தான். ஆளாளுக்குத் தன் வேலையைத்தான் செய்தார்கள். மனிதனுக்கு முன்னால் உத்தியோகத்தை வைத்துவிட்டால் இரக்கத்துக்கு வேலை இல்லை என்பதை நெஹ்லூதவ் அங்கேதான் கண்டுகொள்கிறான். இதைப் பிரசாரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ராணுவ சேவையை மறுத்ததால் ரஷ்ய அரசு வதைத்த தூகபோர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கனடாவுக்குக் குடிபெயரவே, இந்நாவலின் வருமானத்தை டால்ஸ்டாய் கொடுத்தார். அப்படிப்பட்டவரை விலக்கியது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன்.