அமெரிக்க ரயில் கம்பெனிங்க 1945-70ல எப்படி நொடிச்சுது? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பென் சென்ட்ரல்னு ஒரு பெரிய அமெரிக்க ரயில் கம்பெனி திவாலான கதைய பாதியில விட்டுட்டேன்னு நிறைய பேர் திட்டுனீங்க, அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன். முதல்லயே ஒண்ணு, பயணிகள் வண்டி வேற கூட்ஸ் வேற, ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க. அங்க சோறு போட்டது கூட்ஸ்தான்.

ராஜா: கார் வந்துச்சு, ரோடு போட்டாங்க, அதானே காரணம்?

பாதி சரி. 1956ல ஐசனோவர் ஹைவே சட்டத்துல கையெழுத்து போட்டது பெரிய அடிதான். ஆனா பென்சில்வேனியா ரயில்வே தன் சரித்திரத்துலயே முதல் தடவையா நஷ்டம் காட்டினது 1946ல, அந்த சட்டத்துக்கு பத்து வருஷம் முன்னாடி. போர்ல ராணுவத்த சுமந்து சுமந்து வேகன் தண்டவாளம் எல்லாம் தேஞ்சு கிடக்கு, கூலி ஏறுது, கரி விலை ஏறுது, ஆனா சரக்குக் கட்டணத்த ஏத்தணும்னா வாஷிங்டன்ல ஐசிசி கிட்ட மனு போட்டுட்டு காத்திருக்கணும். (கிரிக்கெட் ஐசிசி இல்லப்பா, 1887ல வந்த இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன்.)

கமலா: ஏத்த விடல சரி, விலைய குறைச்சு லாரிய ஜெயிச்சிருக்கலாமே?

கேட்டீங்க பாருங்க மேடம், இதுதான் கேள்வி. குறைக்கவும் விடலங்க! சதர்ன் ரயில்வே (நம்ம சதர்ன் இல்ல, அவங்க ஊரு சதர்ன்) பிக் ஜான்னு ஒரு வேகன் கொண்டு வந்தாங்க, அலுமினிய பாடி, 100 டன் கிட்ட தானியம் கொள்ளும், மேல கொட்டி கீழ திறந்து விட்டா போதும். அதுவரைக்கும் சாதா மூடு வேகன்ல கதவுக்கு பலகை அடிச்சு தானியத்த ஏத்திட்டு இருந்தாங்க. 1961ல இதுல போனா கட்டணம் சுமார் 60 சதவீதம் கம்மின்னு அறிவிச்சாங்க. படகுக்காரங்க, மாவு மில்லுக்காரங்க எல்லாம் ஓடிப்போய் முறையிட, கமிஷன் நிறுத்தி வச்சுது. கோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டுன்னு இழுத்து 1965லதான் முடிஞ்சுது. இதே தானியத்த லாரியில ஏத்தினா எந்த கட்டுப்பாடும் கிடையாது, பதப்படுத்தாத விளைபொருளுக்கு 1935 சட்டத்துலயே விலக்கு இருக்கு, என்ன வாடகை வேணா பேசிக்கலாம். ஒருத்தன் கைய கட்டிட்டு குஸ்திக்கு விட்டா எப்படி ஜெயிப்பான்?

சுரேஷ்: காரால தான்னு படிச்சேனே சார்?

ராஜாவுக்கு சொன்னத பாருங்க.

முருகேசன்: யூனியன்தான் கெடுத்துச்சு. டீசல் இன்ஜின்ல ஃபயர்மேனுக்கு என்ன வேலை, எந்த கரிய அள்ள?

செலவுதான், மறுக்கல. 1937 ஒப்பந்தப்படி டீசல்லயும் ஃபயர்மேன் ஏறணும், அதுபோக 100 மைல் ஓடினா ஒரு நாள் சம்பளம்னு கரி இன்ஜின் காலத்து கணக்கு வேற.

ஜேம்ஸ்: எங்க மாமா ஃபயர்மேனா இருந்தவர், இளக்காரமா பேசாதீங்க. சிக்னல் பாக்க ரெண்டாவது ஆள் வேண்டாமா?

அங்க யூனியனும் இதேதான் சொன்னாங்க ஜேம்ஸ், நியாயம் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

முருகேசன்: சும்மா உக்கார சம்பளமா?

அட விடுங்கப்பா. 1963ல அமெரிக்க காங்கிரஸே (அவங்க பார்லிமெண்ட்) சட்டம் போட்டு பஞ்சாயத்துக்கு அனுப்பி, கூட்ஸ்லயும் யார்டுலயும் சுமார் 90 சதவீத ஃபயர்மேன் இடத்த எடுத்துரலாம்னு தீர்ப்பு வந்துச்சு. அதுக்கப்புறமும் பென் சென்ட்ரல் விழுந்துச்சா இல்லையா? அதுக்கு பதில் சொல்லிட்டு சண்ட போடுங்க.

நித்யா: அந்த பென் சென்ட்ரல் கதைய முடிங்க.

பென்சில்வேனியாவும் அதோட ஜென்ம எதிரி நியூயார்க் சென்ட்ரலும் 1968 பிப்ரவரில ஒண்ணாகி பென் சென்ட்ரல் ஆச்சு. ரெண்டு பேர் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகல, எந்த வேகன் எந்த யார்டுல நிக்குதுன்னு ஆபீஸுக்கே தெரியல. அப்பவும் 1969ல டிவிடெண்ட் குடுத்துட்டு இருந்தாங்க, கடன் வாங்கிட்டு! 1970 ஜூன் 21ல மஞ்ச கடுதாசி. அதுவரைக்கும் அமெரிக்கா பாத்ததுலயே பெரிய திவால்.

தினேஷ்: அப்ப பயணிகள் வண்டி நஷ்டம்?

1957ல கமிஷன் கணக்குல 72 கோடி டாலர். அத ஈடு கட்டினது கூட்ஸ் வருமானம். குழப்பாதீங்கன்னு எதுக்கு சொன்னேன்.

பாலா: நம்ம ரயில்வேயோட டபிள்யூடிஎம்2 டீசல் இன்ஜின், அமெரிக்க ஆல்கோ கம்பெனி டிசைன்தானே?

ஆமாங்க. 1962ல அங்கிருந்து வந்துச்சு, அப்புறம் வாரணாசியில கட்டினாங்க. ஆல்கோ 1969ல இன்ஜின் கட்டுறதையே நிறுத்திட்டான், நம்மாளுங்க அதுக்கப்புறமும் பல வருஷம் கட்டினாங்க. அந்த சத்தத்துக்கு நானும் அடிமை, அது தனியா பேசுவோம்.

கணேஷ்: சார், கார் வந்ததாலதானே...

டீ குடிச்சிட்டு வரேன்.