கேமரா வாங்கும் முன் ஒரு மூன்று நிமிடக் கதை

"என் மகள் பிளஸ் டூ காமர்ஸ் குரூப், தமிழ் வழியில் படித்தவள். பி.காம். சேர்க்கலாம் என்று நாங்கள் இருந்தோம். அவள் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சி ஊடகப் படிப்பு)தான் படிப்பேன் என்கிறாள். படித்தால் வேலை கிடைக்குமா? எந்தக் கல்லூரி நல்லது? எண்பதாயிரத்துக்கு ஒரு கேமராவும் கேட்கிறாள், வாங்கித் தரலாமா?" என்று தென்காசியிலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். கேமரா இப்போது வேண்டாம். இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். முதல் வருடத்தில் திணறுகிற பிள்ளைகள் பெரும்பாலும் கேமரா பிடிக்கத் தெரிந்தவர்கள்தான். ஒருவர் மனம் விட்டுப் பேசும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும், பேசியதில் எது கதை என்று பிரித்தெடுத்துப் பத்து வரி எழுதவும்தான் அவர்களுக்கு வருவதில்லை. உங்கள் மகளுக்கு அது வருமா, அதில் அவளுக்கு ருசி இருக்கிறதா என்று விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். கையிலிருக்கும் போன் போதும்.

1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் டேனா ஆட்ச்லியும் 'டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்' என்ற பெயரில் ஒரு பயிற்சியை வளர்த்தெடுத்தார்கள். சாதாரண மனிதர்கள் தங்கள் சொந்தக் கதையைச் சொந்தக் குரலில் பதிவு செய்து, வீட்டிலிருக்கும் சில புகைப்படங்களை அதற்கேற்ப அடுக்கி, இரண்டு மூன்று நிமிடப் படமாகச் செய்வார்கள். அவ்வளவுதான். இன்று டிஜிட்டல் கதைசொல்லல் என்று பாடத்திட்டங்களில் பார்க்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று இது.

இதையே உங்கள் மகள் கொஞ்சம் மாற்றிச் செய்யட்டும். உங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் இல்லாத தெரு குறைவு. தெரிந்த ஓர் அத்தையிடம் அனுமதி கேட்டு, இரண்டு மூன்று நாள் மதியம் போய் உட்காரச் சொல்லுங்கள். முதல் நாள் போனை வெளியே எடுக்கவே வேண்டாம். கத்தரிக்கோல் பீடி இலையை வெட்டுகிற சத்தம், சொளவு (முறம்) மடிக்கு வரும் விதம், பேசிக்கொண்டே விரல் தானாக நூல் கட்டுவது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். அடுத்த நாள் குரலைப் பதிவு செய்யலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை அவர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்தால் பதிவு தெளிவாக இருக்கும். "தினமும் எத்தனை சுற்றுவீர்கள்?" என்று கேட்டால் ஒரு எண்தான் பதிலாக வரும். "முதன்முதலில் சுற்றிய பீடி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் ஒரு வாழ்க்கை வரும். அப்புறம் அவள் எழுதும் உரை 250 சொல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூன்று நிமிடத்துக்குள் மூச்சுவிட்டுப் பேச முடியாது. பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும், போனிலேயே எடிட் செய்துவிடலாம். முடித்ததும் வெளியே யாருக்கும் அனுப்பாமல், முதலில் அந்த அத்தைக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தை நீக்கிவிட வேண்டும்.

இதைச் செய்துவிட்டு "இன்னொன்று செய்யட்டுமா?" என்று கேட்டால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். நாலாவது நாளே அலுத்துவிட்டால் அவளுக்குப் பிடித்திருப்பது ரீல்ஸ் பார்ப்பதாக இருக்கலாம். அதில் தப்பே இல்லை. ஆனால் மூன்று வருடப் படிப்புக்கு அது போதாது.

சரி, கல்லூரி. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் விஸ்காம் சேரலாம், எனவே காமர்ஸ் தடையில்லை. உங்களுக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. சற்றுத் தள்ளி என்றால் திருச்சி பிஷப் ஹீபர், சென்னை லயோலா. சினிமாதான் அவள் குறி என்றால் தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. படத்தொகுப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு என்று பிரிவு பிரிவாக நான்கு ஆண்டுப் பட்டம். ஒளிப்பதிவு போன்ற சில பிரிவுகளுக்கு பிளஸ் டூவில் அறிவியல் பாடம் கேட்பார்கள். ஆகவே சேர்க்கை அறிவிப்பில் தகுதியை முதலில் பாருங்கள்.

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வேலைநாள் மதியம் இரண்டு பேரும் நேரில் போங்கள். எடிட்டிங் லேப் திறந்திருக்கிறதா, மாணவர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்களா, இல்லை பூட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். மூன்றாம் வருட மாணவர் ஒருவரிடம் அவருடைய புராஜெக்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். சனி, ஞாயிறில் கேமராவை வெளியே கொண்டுபோகத் தருகிறார்களா என்றும் அவரிடமே கேளுங்கள். துறைத்தலைவர் சொல்லும் பதிலைவிட அது நம்பகமானது. பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் என்பதை எழுத்தில் பார்த்துவிடுங்கள். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, கடைசியில் வெறும் சான்றிதழ் தரும் இடங்களும் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது, பல பெற்றோருக்கு நான் சொல்வது அதைத்தான். பொருளாதாரமோ வரலாறோ தமிழோ, அவளுக்குப் பிடித்த ஒன்றில் இளங்கலை முடித்துவிட்டு, ஊடகத்தை முதுகலையில் படிக்கலாம். சென்னையிலுள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், டெல்லியில் 1965இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.சி. என்ற மத்திய அரசின் ஊடகக் கல்வி நிறுவனம், இரண்டுமே பட்டம் முடித்தவர்களைத்தான் முதுகலைப் பட்டயப் படிப்புகளில் எடுக்கின்றன. ஏதாவது ஒரு துறையை ஆழமாகத் தெரிந்தவருக்கு ஊடகத்தில் என்றும் மதிப்பு உண்டு. பி.காம். படித்துவிட்டு பட்ஜெட்டை எளிய தமிழில் விளக்கத் தெரிந்த ஒரு பெண்ணை எந்தச் செய்தி அறையும் விடாது. ஆகவே உங்கள் ஆசையும் அவள் ஆசையும் எதிரெதிரானவை என்று நினைக்க வேண்டாம். கல்லூரிக் காலத்திலேயே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம், எந்தத் துறை மாணவராக இருந்தாலும்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளம் குறைவாகவே இருக்கும், வேலை நேரம் ஒழுங்காக இருக்காது. இயக்குநர் ஆக வேண்டும் என்று வருகிறவர்கள் அதிகம், இடமோ குறைவு. எடிட்டிங், ஒலி, சப்டைட்டில், அனிமேஷன் கற்றவர்களுக்குச் சீக்கிரம் வேலை அமைவதைப் பார்த்திருக்கிறேன். செய்தி நிறுவனம், விளம்பரம், ஆன்லைன் பாடம் தயாரிப்பவர்கள், தொண்டு நிறுவனங்கள், மருத்துவமனைகள் என்று எல்லோருக்கும் இன்று வீடியோ தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவு சப்டைட்டில் போடும், படம் வரையும். அந்த அத்தையின் வீட்டுத் திண்ணையில் மூன்று மதியம் உட்கார்ந்து அவரைப் பேசவைக்க ஓர் ஆள்தான் போக வேண்டும்.

கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டாம் வருடத்தில் 16 ஜிபி ராம் உள்ள நல்ல கணினி அவளுக்கு அதிகம் உதவும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே மாணவர்களுக்குத் தாராளம். இப்போதைக்கு ஒரு காலர் மைக்கும் சின்ன ட்ரைபாடும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

தமிழ் வழி என்று நீங்கள் தயங்கி எழுதியிருப்பது தெரிகிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும். இந்த விடுமுறையிலேயே தினமும் ஒரு சிறிய ஆங்கிலச் செய்தியைப் படித்து, அதை உங்களிடம் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே கேள்வி கேளுங்கள்.